நூறு வருடத் துப்பாக்கிக்குத் தாள் வேண்டாமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் மனைவி, எட்டு வயது மகளுடன் வசிக்கிறேன். எச்-1பி-யில் வந்தவன், இரண்டு வருடம் முன்பு கிரீன் கார்டு கிடைத்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் அண்மையில் காலமானார். அவர் சேர்த்து வைத்திருந்த பழைய துப்பாக்கிகளில் ஐந்தை எனக்குக் குறைந்த விலைக்குத் தர அவர் மனைவி தயாராக இருக்கிறார். வின்செஸ்டர் 1894 லீவர் ரைஃபிள் (.30-30), ‘இஷாப்பூர் 1943’ என்று பொறித்த லீ-என்ஃபீல்டு, ஓர் எம்1 கார்பைன், 1890-களின் ஸ்மித் அண்ட் வெஸன் .38 ரிவால்வர், 1917 தேதியிட்ட நீளக்குழல் லூகர் கைத்துப்பாக்கி, அதற்கான மரத் தோள்கட்டையுடன். நூறு வருடம் தாண்டினால் ஆன்டிக், தாளே வேண்டாம் என்கிறார் ஒரு நண்பர். ‘சி அண்ட் ஆர்’ லைசென்ஸ் எடுத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்கிறார் இன்னொருவர். அடுத்த வருடம் வேலை டெக்சாஸுக்கு மாறலாம். எங்களோடு தங்கியிருக்கும் என் மைத்துனர் எச்-1பி-யில் இருக்கிறார். அவருக்கும் ஒன்று வாங்கிக்கொள்ள ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: விலை பேசுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. எம்1 கார்பைன் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும், யாரும் வெளியே எடுக்க வேண்டாம் என்று அந்த அம்மாவிடம் இன்றே சொல்லுங்கள். பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றுகூட அதை உங்கள் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். இரண்டாம் உலகப் போருக்காக 60 லட்சத்துக்கும் மேல் தயாரான சிறிய ரைஃபிள் அது. ஃபெடரல் சட்டத்தின் பார்வையில் சேகரிப்பாளருக்குரிய பழம்பொருள். நியூ ஜெர்சியிலோ அது ‘அசால்ட் ஃபயர்ஆர்ம்’, அதாவது தாக்குதல் ரகத் துப்பாக்கி. 1990-இல் வந்த மாநிலச் சட்டம் பெயர் சொல்லிப் போட்ட பட்டியலிலேயே ‘எம்1 கார்பைன் டைப்’ இருக்கிறது. அதன் வயதும் வரலாறும் அங்கே செல்லுபடியாகாது. வைத்திருப்பதே இரண்டாம் நிலைக் குற்றம். தண்டனை 5 முதல் 10 ஆண்டு வரை.

கிரீன் கார்டில் இருப்பவருக்கு இதற்கு மேலும் ஒரு விலை உண்டு. துப்பாக்கிச் சட்டத்தை மீறியதற்காகத் தண்டனை பெற்றால், இந்த நாட்டுக்கு வந்து எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் நாடு கடத்த அது ஒன்றே போதும் என்கிறது குடியேற்றச் சட்டம். இங்கே பிறந்தவர் அபராதத்தோடு தப்பிக்கும் இடத்திலும் உங்கள் குடும்பம் மொத்தமும் ஆட்டம் காணும். அதனால்தான் இந்தப் பதிலில் பல இடங்களில் ‘வேண்டாம்’ என்பதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன்.

அந்த அம்மாவும் இதில் சிக்கிக்கொள்ளாமல் வெளியே வர வழி இருக்கிறது. 1990 சட்டம் வந்தபோது பெரியவர் முறைப்படி பதிவு செய்திருந்தால் அந்தத் தாள் வீட்டில் இருக்கும். முதலில் அதைத் தேடச் சொல்லுங்கள். இல்லையென்றால், இன்ன நாள் இன்ன நேரத்தில் ஒப்படைக்க விரும்புகிறேன் என்று உள்ளூர் போலீஸ் தலைமை அதிகாரிக்கோ மாநில போலீசுக்கோ முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிட்டு ஒப்படைத்தால், வழக்குப் பதிவாகும் முன் அப்படிச் செய்தவரைத் தண்டிக்க முடியாது என்று மாநிலச் சட்டமே சொல்கிறது. கடிதம் முதலில், துப்பாக்கி பிறகு. இந்த வரிசையை மாற்றி, நல்ல எண்ணத்தோடு காரில் போட்டுக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போய் நின்றவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. வேறு மாநிலத்தில் உரிமம் பெற்ற விற்பனையாளருக்கு மாற்ற முடியுமா என்பதை உயில் வேலை பார்க்கும் வழக்கறிஞரே கவனிக்கட்டும். நீங்கள் நடுவில் போகாதீர்கள். ‘நான் டெக்சாஸ் போகும்வரை வைத்திருங்கள்’ என்றும் கேட்காதீர்கள். அவர் தலைமேல் கத்தியைத் தொங்கவிடும் காரியம் அது.

இனி உங்கள் நண்பர் சொன்ன நூறு வருடக் கதை. அமெரிக்காவில் மரச்சாமான், தரைவிரிப்பு விற்கிறவர்கள்தான் நூறு வருடக் கணக்கு வைப்பார்கள். துப்பாக்கிச் சட்டத்தில் அது கிடையாது. 1968-ஆம் ஆண்டு ஃபெடரல் சட்டத்தில் இருப்பது நகராத ஒரு தேதி: 1898-லோ அதற்கு முன்போ தயாரானது ஆன்டிக். 1899 ஜனவரியில் தயாரானது இன்னும் நூறு வருடம் போனாலும் ஆன்டிக் ஆகாது. உங்கள் 1917 லூகர் நூறு தாண்டிவிட்டது; ஆனாலும் முழுத் துப்பாக்கிதான். இங்கே ‘தயாரானது’ என்றால் ரிசீவர், அதாவது துப்பாக்கியின் உடல், தயாரான நாள். குழலும் கட்டையும் பின்னாளில் மாறியிருந்தாலும் ஆன்டிக் ஆன்டிக்தான்.

மாடல் பெயரில் இருக்கும் வருடம் இன்னொரு பொறி. ‘வின்செஸ்டர் 1894’ என்பது வடிவம் வந்த வருடம். அந்த ரைஃபிள் இருபதாம் நூற்றாண்டு முழுக்கத் தயாரானது. ரிசீவரின் அடிப்பக்கம் முன்னால் உள்ள வரிசை எண்ணைப் பாருங்கள். இணையத்தில் சுற்றும் எண் அட்டவணைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. எல்லைக் கோட்டருகே எண் இருந்தால், வயோமிங்கின் கோடி நகரத்தில் உள்ள துப்பாக்கி அருங்காட்சியகத்தில் வின்செஸ்டரின் பழைய ஆலைப் பதிவேடுகள் இருக்கின்றன. அங்கிருந்து கட்டணம் கட்டி ஆலைக் கடிதம் வாங்கலாம். வாதத்துக்கு நிற்கும் ஆதாரம் அந்தக் கடிதம்தான். ஸ்மித் அண்ட் வெஸனுக்கும் இதேபோல் வரலாற்று அறக்கட்டளை வழியாகக் கடிதம் கிடைக்கும்.

சரி, கடிதம் வந்தது, உங்கள் வின்செஸ்டர் 1897-இல் தயாரானது என்றே வைத்துக்கொள்வோம். ஃபெடரல் சட்டத்துக்கு அது துப்பாக்கியே அல்ல. டெக்சாஸ் குற்றவியல் சட்டமும் 1899-க்கு முன் தயாரான ஆன்டிக்கைத் துப்பாக்கிக் கணக்கில் சேர்ப்பதில்லை. நியூ ஜெர்சி மட்டும் வேறு கணக்குப் போடுகிறது. இங்கே ‘ஆன்டிக்’ என்ற சொல் ரைஃபிளுக்கும் ஷாட்கன்னுக்கும்தான் பொருந்தும், கைத்துப்பாக்கிக்கு இல்லை. அதுவும் சுடவே முடியாததாக இருக்க வேண்டும். அல்லது வெடிமருந்தும் குண்டும் ஒன்றாக அடைத்த தோட்டாவைச் சுடாத ரகமாக இருக்க வேண்டும். அல்லது 1898-க்கு முன் தயாராகி, அதற்கான தோட்டா கடையில் விற்காததாக இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று பொருந்தினாலும் போதாது. அழகுக்கோ வரலாற்று மதிப்புக்கோ வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை தனியாக இருக்கிறது. .30-30 தோட்டா இன்றும் வேட்டைக் கடை எல்லாவற்றிலும் அடுக்கி வைத்திருக்கிறது. ஆகவே வாஷிங்டனுக்கு ஆன்டிக்கான உங்கள் வின்செஸ்டர், நியூ ஜெர்சிக்கு நேற்று வாங்கிய வேட்டை ரைஃபிளுக்குச் சமம். ‘1898 வரை’ என்பதற்கும் ‘1898-க்கு முன்’ என்பதற்கும் உள்ள ஒரு வருட இடைவெளியையும் கவனியுங்கள். அந்த இடைவெளியில் விழுந்த துப்பாக்கிகள் நிறைய.

அதே காரணத்தால் 1890-களின் ரிவால்வருக்கு இங்கே கைத்துப்பாக்கி பெர்மிட் வேண்டும். இணையத்தில் வேறு மாநில விற்பனையாளர் அதை ‘ஆன்டிக், தாள் வேண்டாம், வீட்டுக்கே அனுப்புவோம்’ என்று விற்பார். அவர் ஊரில் அவர் சொல்வது சரி. பார்சல் உங்கள் வாசலுக்கு வந்த நொடியில் தவறு செய்தவர் நீங்கள்.

லூகர்தான் ஐந்திலும் சிக்கலானது. அதை ஆர்ட்டிலரி லூகர் என்பார்கள்; குழல் 200 மில்லிமீட்டர், பிடியின் பின்பக்கம் தோள்கட்டை மாட்டும் காடி இருக்கும். கட்டை இல்லாமல் அது கைத்துப்பாக்கி. கட்டையை மாட்டியதும் 16 அங்குலத்துக்குக் குறைந்த குழலுள்ள ரைஃபிள். 1934-ஆம் ஆண்டு நேஷனல் ஃபயர்ஆர்ம்ஸ் ஆக்ட் கீழே வரும், பதிவில்லாமல் வைத்திருந்தால் 10 ஆண்டு வரை சிறை. துப்பாக்கிச் சட்டங்களைக் கவனிக்கும் ஃபெடரல் அமைப்பான ஏ.டி.எஃப் குறிப்பிட்ட சில பழைய ஜோடிகளை, ஆர்ட்டிலரி லூகரும் அதற்குரிய கட்டையும் உட்பட, அந்தச் சட்டத்திலிருந்து நீக்கி ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. சேகரிப்பாளர்கள் அதை நம்பித்தான் வாங்குகிறார்கள். ஆனால் நீக்கியது ஃபெடரல் சட்டத்திலிருந்து மட்டும். நியூ ஜெர்சி தன் சட்டத்தில் 16 அங்குலத்துக்குக் குறைந்த குழலுள்ள ரைஃபிளைத் தடை செய்து எழுதியிருக்கும் வரியில் அப்படியொரு விலக்கு எழுதப்படவில்லை. என் அறிவுரை: லூகரை வாங்குவதானால் கட்டையை வாங்காதீர்கள். இரண்டும் ஒரே அலமாரியில் இருந்தாலே ‘மாட்டத் தயார்’ என்று வாதம் எழும். கட்டையை வேறு மாநிலச் சேகரிப்பாளருக்கு அந்த அம்மா தனியாக விற்கலாம். அசல் கட்டைக்கு நல்ல விலை உண்டு. கூடவே நத்தை ஓடு போன்ற உருண்டை மேகசின் (தோட்டா அடைக்கும் கூடு) ஒன்று இருக்கிறதா என்று கேளுங்கள். அது 32 தோட்டா பிடிக்கும். நியூ ஜெர்சியில் அரைத் தானியங்கித் துப்பாக்கிகளுக்கான மேகசின் வரம்பு 10. லூகரின் சாதாரண எட்டுத் தோட்டா மேகசினுக்குப் பிரச்சினை இல்லை.

இஷாப்பூர் ரைஃபிள் இந்த ஐந்தில் எளிதானது. எனக்குக் கேட்டால் நீங்கள் தொடங்க வேண்டியதும் அதுதான். போல்ட்டை, அதாவது குழலின் பின்பக்கத்தை அடைக்கும் தாழ்ப்பாளை, ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துச் சுடும் ரகம், பத்துத் தோட்டா. ஃபெடரல் சட்டத்தில் 50 வருடம் தாண்டிய பழம்பொருள், மாநிலத்தில் சாதாரண ரைஃபிள். எண்ணிக்கை வரம்பும் இல்லை.

இனி தாள்கள். உங்கள் ஊர் போலீஸ் வழியாக இணையத்தில் விண்ணப்பித்து ‘ஃபயர்ஆர்ம்ஸ் பர்ச்சேசர் ஐடி கார்டு’ எடுங்கள். ரைஃபிள், ஷாட்கன் எத்தனை வாங்கினாலும் இந்த ஒரே அட்டை போதும். 2022-இல் திருத்திய சட்டப்படி கட்டணம் 50 டாலர், பத்து வருடம் செல்லும், பாதுகாப்புப் பயிற்சி முடித்த சான்று வேண்டும். கைரேகை, உங்களைத் தெரிந்த இருவரின் பெயர், மனநலப் பதிவேட்டைப் பார்க்க ஒப்புதல் எல்லாம் கேட்பார்கள். கைத்துப்பாக்கிக்கு ஒவ்வொன்றுக்கும் தனி பெர்மிட், தலா 25 டாலர். அட்டையோடு சேர்த்து இரண்டு பெர்மிட்டுக்கும் ஒரே விண்ணப்பமாகப் போடுங்கள். கைரேகைக்கு இரண்டு முறை அலைய வேண்டியிருக்காது. பெர்மிட் 90 நாள் செல்லும், கேட்டால் இன்னொரு 90 நாள் நீட்டிப்பார்கள். ஆனால் 30 நாளில் ஒரு கைத்துப்பாக்கிதான் வாங்கலாம் என்ற விதி இருப்பதால் ரிவால்வரையும் லூகரையும் ஒரே நாளில் எடுக்க முடியாது. எதை முதலில் எடுப்பது என்று யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த மாநிலத்தின் விதிகள் அடிக்கடி திருத்தப்படுகின்றன, நீதிமன்றங்களும் இடையிடையே குறுக்கிடுகின்றன. விண்ணப்பம் போடும் வாரத்தில் மாநில போலீஸ் இணையதளத்தில் கட்டணத்தையும் படிவத்தையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

அந்த அம்மாவிடமிருந்து உங்கள் கைக்கு நேராக வாங்காதீர்கள். 2018 முதல் நியூ ஜெர்சியில் தனியார் விற்பனை, நெருங்கிய குடும்பம் போன்ற சில விலக்குகள் தவிர, உரிமம் பெற்ற விற்பனையாளர் வழியாகத்தான் நடக்க வேண்டும். உயிலை நிறைவேற்றும் உரிமை யாரிடம் இருக்கிறதோ அவர்தான் விற்பவர். அந்த அம்மாவிடம் அதற்கான நீதிமன்றத் தாள் இருக்கிறதா என்று கடைக்காரர் கேட்பார். கடையில் நீங்கள் 4473 என்ற ஃபெடரல் படிவத்தை நிரப்புவீர்கள். கிரீன் கார்டு எண்ணைக் கேட்கும் கட்டத்தை விட்டுவிடாதீர்கள். நிறையப் பேருக்கு விண்ணப்பம் அங்கேதான் நிற்கிறது. கஞ்சா பற்றிய கேள்வியையும் கவனமாகப் படியுங்கள். நியூ ஜெர்சியில் அது சட்டப்படி விற்றாலும், மாநிலச் சட்டம் உங்கள் பதிலை மாற்றாது என்று படிவமே எச்சரிக்கிறது.

இப்போது ‘சி அண்ட் ஆர்’. க்யூரியோ அண்ட் ரெலிக் என்பதன் சுருக்கம். ஃபெடரல் உரிமங்களில் மூன்றாம் வகை, சேகரிப்பாளருக்கானது. மூன்று வருடத்துக்கு 30 டாலர்தான். 21 வயது நிறைந்திருக்க வேண்டும். விண்ணப்பத்தின் ஒரு நகலை உள்ளூர் போலீஸ் தலைமைக்கும் அனுப்ப வேண்டும். கிரீன் கார்டு இதற்குத் தடையில்லை. இது கையில் இருந்தால், 50 வருடம் தாண்டிய, அசல் வடிவம் மாறாத துப்பாக்கிகளை வேறு மாநிலத்திலிருந்து கடைக்காரரின் இடைத்தரகு இல்லாமல் நேராக வரவழைக்கலாம். அசல் வடிவம் என்பதை அழுத்திப் படியுங்கள். வேட்டைக்காகக் கட்டையை வெட்டி, புதுக் குழல் போட்டுத் திருத்திய பழைய ராணுவ ரைஃபிள் 80 வயதானாலும் இதில் சேராது.

உங்கள் இரண்டாவது நண்பர் தவறியது இங்கேதான். இந்த உரிமம் மாநில எல்லையைத் தாண்டி வாங்கும் வழியைத் திறக்கிறது. மாநிலச் சட்டத்தைத் தாண்டும் வழியை அல்ல. நியூ ஜெர்சியில் சி அண்ட் ஆர் வைத்திருப்பவருக்கும் ரைஃபிளுக்கு அட்டை வேண்டும், கைத்துப்பாக்கிக்கு பெர்மிட் வேண்டும். 30 நாள் விதியிலிருந்து மட்டும் சேகரிப்பாளருக்கு விலக்கு கேட்டு மனுப்போட வழி உண்டு.

உரிமம் வந்த நாளிலிருந்து கணக்கேடு ஒன்று பராமரிக்க வேண்டும். வாங்கினால் அடுத்த வேலை நாள் முடிவதற்குள் பதிவு, கொடுத்தால் ஏழு நாளுக்குள். தயாரிப்பாளர், மாடல், வரிசை எண், கேலிபர் (குழலின் உள்ளளவு), தேதி, யாரிடமிருந்து, முகவரி அல்லது உரிம எண். தைத்துக் கட்டிய நோட்டில், தவறாக எழுதியதை அடித்தால் ஒற்றைக் கோடு போட்டு ஓரத்தில் கையெழுத்திட்டு எழுதுங்கள். திருடுபோனாலோ தொலைந்தாலோ 48 மணி நேரத்துக்குள் ஏ.டி.எஃப்-க்கும் உள்ளூர் போலீசுக்கும் தெரிவிக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை அவர்கள் ஆய்வு செய்யலாம். அதை உங்கள் வீட்டில் வேண்டாம், அவர்கள் அலுவலகத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. 1898 வரைக்குமான ஆன்டிக் இந்த ஏட்டில் ஏற வேண்டியதில்லை. வரிசை எண்ணே இல்லாத பழைய துப்பாக்கி வந்தால் பயப்படாதீர்கள்: 1968-க்கு முன் எல்லாத் துப்பாக்கிக்கும் எண் கட்டாயம் இல்லை. ‘எண் இல்லை’ என்று எழுதினால் போதும். ஆனால் எண் இருந்த இடத்தை ராவி அழித்த தடம் தெரிந்தால் எந்த விலைக்கும் வாங்காதீர்கள். இன்னொன்று: சேகரிப்பை மேம்படுத்த ஒன்றை விற்று இன்னொன்று வாங்கலாம். லாபத்துக்காக வாங்கி விற்பதற்கு இந்த உரிமம் இல்லை.

உங்கள் மைத்துனர் விஷயம் கறாரானது. எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 போன்ற குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க ஃபெடரல் சட்டம் தடை செய்கிறது. காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருப்பது ஒரு விலக்கு. ஆனால் உரிமம் காலாவதியான மறுநாளே துப்பாக்கி கையில் இருப்பது குற்றமாகிவிடும். அவர் பணத்தில் உங்கள் பெயரில் வாங்கிக் கொடுப்பது அதைவிட மோசம். 4473 படிவத்தில் ‘உண்மையான வாங்குபவர் நீங்கள்தானா’ என்ற கேள்விக்குப் பொய் சொல்வதாகும். 2022 முதல் அப்படி ஆள் மாற்றி வாங்குவதற்குத் தனிக் குற்றப்பிரிவே இருக்கிறது, 15 ஆண்டு வரை சிறை. அவர் உங்கள் வீட்டில் வசிக்கிறார் என்பதும் முக்கியம். தடை உள்ளவர் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தாலே அவர் ‘வைத்திருந்ததாக’ வழக்கு எழும். இரும்புப் பெட்டகம் வாங்குங்கள், எண் பூட்டின் எண் உங்களுக்கும் தேவையென்றால் உங்கள் மனைவிக்கும் மட்டும். தோட்டாவும் உள்ளேதான். மகளுக்காகவும் அதே பெட்டகம். மைத்துனருக்கு உண்மையிலேயே பழம்பொருள் ஆசை இருந்தால் துப்பாக்கியே அல்லாத துணைப்பொருள்கள் ஏராளம்: பயனெட் (துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி), தோட்டாப் பட்டை, பயிற்சிக் கையேடு, ஆலை முத்திரையிட்ட எண்ணெய்க் குப்பி. லீ-என்ஃபீல்டு ஒன்றுக்கே இவற்றைச் சேர்க்க ஆயுள் போதாது.

இஷாப்பூர் ரைஃபிளைப் பார்க்கப் போகும்போது எதைப் பார்ப்பது என்று சொல்லிவிடுகிறேன். இதில்தான் எனக்கு ஆர்வம் அதிகம். வங்காளத்தில் கொல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளிக் கரையில் உள்ள ஆலை அது. போல்ட்டுக்குப் பின்னால், வலப்பக்க உலோகப் பட்டையில் கிரீடமும் ஜி.ஆர்.ஐ. என்ற எழுத்தும் இருக்கும்; ஆறாம் ஜார்ஜ், அரசர், பேரரசர் என்று பொருள். அதன் கீழே ஆலைப் பெயரும் வருடமும் மாடலும். வரிசை எண் ரிசீவர் வளையத்தில், போல்ட் கைப்பிடியின் அடியில், முன்மூக்கு மூடியில், பின் குறிநோக்கியின் தகட்டில் என்று பல இடங்களில் வரும். ரிசீவரும் போல்ட்டும் ஒரே எண்ணா என்று முதலில் பாருங்கள். மாறியிருந்தால் விலை இறங்கும், சுடுவதும் சந்தேகத்துக்குரியது. மேகசினுக்கு முன்னால் மரத்தின் குறுக்கே ஒரு திருகாணி போயிருந்தால் அதைப் பழுது என்று நினைத்துவிடாதீர்கள்; மரம் பிளக்காதிருக்க இஷாப்பூரில் போட்ட வலுவூட்டல் அது, இந்தியச் சேவையில் இருந்ததற்கு நல்ல அடையாளம். ‘டி.பி.’ என்று எங்காவது பொறித்திருந்தால் அணிவகுப்புப் பயிற்சிக்கு ஒதுக்கிய துப்பாக்கி. சுவரில் மாட்டலாம், ஒரு தோட்டாகூடச் சுடக் கூடாது. .303 கேலிபரா என்றும் உறுதி செய்யுங்கள். போலீசுக்காக இதே ரைஃபிள்களை .410 ஒற்றைக்குண்டு மஸ்கட்டாகவும் மாற்றினார்கள். வெளித் தோற்றத்தில் பெரிய வித்தியாசம் இராது, கடையில் விற்கும் .410 ஷாட்கன் தோட்டா அதன் அறைக்குச் சரியாக உட்காராது.

சுடுவதானால் முதலில் ஒரு துப்பாக்கிப் பழுதாளரிடம் ஹெட்ஸ்பேஸ் அளந்து வாங்குங்கள். போல்ட் முகத்துக்கும், தோட்டாவின் அடி விளிம்பு முட்டி நிற்கும் குழலின் பின்முகத்துக்கும் இடையே உள்ள தூரம் அது. பிரிட்டிஷ் ராணுவ அளவு 0.064 முதல் 0.074 அங்குலம். அதற்கு மேல் போனால் தோட்டாவின் பித்தளை உறை இழுபட்டு நடுவில் கிழியும், சூடான வாயு பின்னோக்கி முகத்துக்கு வரும். போல்ட் மாறிய ரைஃபிளில் இது அடிக்கடி நடக்கிறது. பெரியவர் வீட்டில் கே.எஃப். என்று அடியில் பொறித்த பழைய தோட்டாப் பெட்டி இருக்கலாம். புனே அருகே கிர்க்கி ஆலையில் செய்தவை. தாமதித்து வெடிக்கும், சில வெடிக்காது. தோட்டாவின் அடியில் தீ மூட்டும் பிரைமரில் உள்ள உப்பு குழலை அரிக்கும். பெட்டியோடு காட்சிக்கு வைத்துக்கொண்டு புதுத் தோட்டாவில் சுடுங்கள். தெரியாமல் அந்தக் கால ராணுவத் தோட்டாவைச் சுட்டுவிட்டால் அன்றைக்கே குழலில் கொதிநீர் ஊற்றிக் கழுவி, துணியால் முழுக்கத் துடைத்து உலர்த்தி, பிறகு எண்ணெய் விடுங்கள். எண்ணெய் உப்பைக் கரைக்காது. எண்ணெய் மட்டும் போட்டு வைத்த குழல் ஒரு வாரத்தில் உள்ளே சிவந்துவிடும்.

ரிவால்வரை நான் சுடச் சொல்ல மாட்டேன். கரும் வெடிமருந்துக் காலத்து உலோகம். அதன் தோட்டா .38 ஸ்மித் அண்ட் வெஸன்; .38 ஸ்பெஷல் வேறு, நீளமும் அழுத்தமும் அதிகம். சிலர் அறையைத் துளைத்துப் பெரிதாக்கி வைத்திருப்பார்கள். அதில் ஸ்பெஷல் நுழைந்துவிடும், அதுதான் ஆபத்து.

எதையும் பளபளப்பாக்காதீர்கள். மரத்தில் உப்புத்தாள் தேய்த்தால் ஆய்வாளர் முத்திரைகள் போகும். உலோகத்துக்குப் புதிதாக நீலப் பூச்சு ஏற்றினால் விலையில் பெரும் பகுதி போகும். பழைய கிரீஸ் உறைந்திருந்தால் மினரல் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் பொறுமையாக எடுத்து, உலோகத்துக்கும் மரத்துக்கும் மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு மெலிதாகப் பூசுங்கள். தோல் உறையில் போட்டு வைக்க வேண்டாம். பதனிட்ட ரசாயனம் ஈரத்தை இழுத்து உலோகத்தை அரிக்கும். பெட்டகத்தில் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கட்டும். நியூ ஜெர்சி அடித்தளத்தில் கோடைக்காலத்தில் சிலிக்கா ஜெல் மட்டும் போதாது, சின்ன வெப்பக் கம்பி ஒன்று மாட்டுங்கள்.

வண்டியில் எடுத்துப் போகும்போது: தோட்டா இறக்கி, மூடிப் பூட்டிய பெட்டியில், டிக்கியில். கடைக்கும் வீட்டுக்கும், சுடுதளத்துக்கும் வீட்டுக்கும் நேர் வழி. நடுவில் மளிகைக் கடை, நண்பர் வீடு எதுவும் வேண்டாம். நியூயார்க் பக்கம் திரும்பவே திரும்பாதீர்கள். அங்கே துப்பாக்கியில் தோட்டா இல்லாவிட்டாலும், அதற்குப் பொருந்தும் தோட்டா உங்களிடம் இருந்தாலே ‘தோட்டா நிரப்பிய துப்பாக்கி’ என்று சட்டம் கொள்ளும்.

டெக்சாஸ் மாற்றல் உறுதியானால் 1986-ஆம் ஆண்டு ஃபெடரல் சட்டம் வழிப்பயணப் பாதுகாப்புத் தருகிறது: புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் வைத்திருப்பது சட்டப்படி என்றால், இடையில் உள்ள மாநிலங்களின் சட்டம் உங்களைத் தடுக்காது, துப்பாக்கி இறக்கியிருக்க வேண்டும், ஓட்டுநர் கைக்கு எட்டக் கூடாது. அதை ரொம்பவும் நீட்டி நம்பாதீர்கள். நியூவர்க் விமான நிலையத்தில் இணைப்பு விமானத்தைத் தவறவிட்ட ஒரு பயணி, பூட்டிய துப்பாக்கி உள்ள பெட்டியைக் கையில் வாங்கி இரவு ஓட்டலில் தங்கினார்; மறுநாள் கைதானார். கைக்கு எட்டும் நிலையில் இருந்துவிட்டது, பாதுகாப்பு பொருந்தாது என்று 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே விமானத்தில் வேண்டாம். காரில் பென்சில்வேனியா, வர்ஜீனியா, டென்னசி வழியாகத் தெற்கே இறங்குங்கள். முதல் நாள் இரவு தங்குவது நியூ ஜெர்சி எல்லையை நன்றாகத் தாண்டிய பிறகு இருக்கட்டும். உங்கள் சொந்தத் துப்பாக்கியை நீங்களே கொண்டுபோக ஃபெடரல் படிவம் எதுவும் இல்லை. சி அண்ட் ஆர் எடுத்திருந்தால் முகவரி மாற்ற விண்ணப்பத்தை வீடு மாறுவதற்குக் குறைந்தது 30 நாள் முன்பே ஏ.டி.எஃப்-க்கு அனுப்ப வேண்டும். சாமான் கட்டும் பரபரப்பில் எல்லோரும் மறப்பது இதைத்தான், வாடகை ஒப்பந்தம் கையெழுத்தான அன்றே போட்டுவிடுங்கள்.

டெக்சாஸில் வாங்குவதற்கு மாநில அட்டையோ பெர்மிட்டோ கிடையாது. எம்1 கார்பைன் அங்கே சாதாரண ரைஃபிள். இன்லேண்ட், அண்டர்வுட் போன்ற பெயர்களோடு, தட்டச்சு இயந்திரம் செய்த ஐ.பி.எம்., பாட்டுப் பெட்டி செய்த ராக்-ஓலா முத்திரையிலும் கிடைக்கும். போய்ச் சேர்ந்து, டெக்சாஸ் அடையாள அட்டை வாங்கி, சி அண்ட் ஆர் புதிய முகவரிக்கு மாறிய பிறகு உங்கள் ஏட்டின் அடுத்த வரியில் அதை எழுதிக்கொள்ளலாம்.